மோல்ட்டன் கோர் முடிந்தது, வேலஸ்ட்ராஸில் நிற்கிறோம்: ரெய்டு கேள்வி பதில்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற ஆன்லைன் விளையாட்டில், மோல்ட்டன் கோர் என்ற ரெய்டின் (40 பேர் சேர்ந்து இறங்கும் களத்தின்) 10 பாஸ்களையும் (பெரிய எதிரிகளையும்) வாராவாரம் சாய்த்துவிட்டு, அடுத்த ரெய்டான பிளாக்விங் லேருக்குள் நுழைந்ததும் திணறும் 40 பேர் கில்டுகளின் (வீரர் சங்கங்களின்) கேள்விகள் இவை. கிளாசிக்கில் இந்த ரெய்டு 2020 பிப்ரவரியில் திறந்தது. உள்ளே 8 பாஸ்கள். பெரும்பாலான கில்டுகள் முதல் இரண்டிலேயே (ரேஸர்கோர், வேலஸ்ட்ராஸ்) மாட்டிக்கொள்கின்றன என்பதால் பதில்களும் அங்கேதான் நீள்கின்றன.

புது ரெய்டு லீடர்: அண்ணா, வியாழக்கிழமை ரெய்டு. பாதிப் பேருக்கு அட்யூன்மென்ட் (பிளாக்விங் லேருக்குள் நுழையும் அனுமதி) இல்லை. எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரே மாலையில் முடிக்கலாம். அப்பர் பிளாக்ராக் ஸ்பயருக்கு வெளியே நிற்கும் ஸ்கார்ஷீல்டு குவார்ட்டர்மாஸ்டரைக் கொன்றால் ஒரு கடிதம் விழும், அதைத் திறந்தால் குவெஸ்ட் (பணி) தொடங்கும். பிறகு ஸ்பயருக்குள் போய் அங்குள்ள பாஸ் டிராக்கிசாத்தைக் கொன்று, அவனுக்குப் பின்னால் இருக்கும் உருண்டையைத் தொட வேண்டும். ஒரு குழுவுக்குப் பத்துப் பேர்தான், எனவே 20 பேருக்கு இரண்டு சுற்று.

பலர் தவறவிடுவது கடிதத்தைத்தான். அதை எடுக்காமல் உள்ளே போனவர்கள் டிராக்கிசாத்தைக் கொன்ற பிறகும் வெறுங்கையோடு திரும்புவார்கள். கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் குவெஸ்ட் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்பயர் கதவின் சாவி குழுவில் ஒருவரிடமாவது இருக்க வேண்டும்.

வாரியர், ஆஃப்-டேங்க் (பாஸின் அடியைத் தாங்கும் டேங்குகளில் துணையாள்): முதல் பாஸ் ரேஸர்கோரில் முட்டை உடைக்கும்போதே ரெய்டு சிதறிப்போகிறது. எங்கே தப்பு?

பெரும்பாலும் முட்டை உடைப்பவரிடம் தப்பு இருக்காது, மூலைகளைக் கவனிப்பவர்களிடம் இருக்கும். முதலில் கிரெத்தோக்கையும் காவலர்களையும் கொன்றுவிட்டு ஒருவர் அங்குள்ள கட்டுப்பாட்டு உருண்டையைப் பிடித்து ரேஸர்கோரை ஓட்ட வேண்டும். விட்டவர் ஒரு நிமிடத்துக்கு மறுபடி பிடிக்க முடியாது. அதனால் இரண்டு மூன்று பேரை வரிசைப்படுத்தி, அடுத்தவர் உருண்டைக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும். 30 முட்டையும் உடைவதற்கு முன் ரேஸர்கோர் செத்தால் ரெய்டும் சாகும். ஆகவே அவனுக்கும் ஹீல் (உயிரேற்றும் மந்திரம்) போக வேண்டும். இதற்கென்று ஒரு ஹீலரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். “யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்” என்றால் யாரும் பார்ப்பதில்லை.

நான்கு மூலைக்கும் தனித்தனிக் குழு. அங்கிருந்து வரும் எதிரி மேஜ்களை (மந்திரவாதிகளை) உடனே கொல்லுங்கள். வாள் பிடித்த லெஜனரிகளையும் டிராகன்ஸ்பானையும் ஹன்டர்கள் இழுத்துக்கொண்டு ஓடலாம், டிராகன்ஸ்பானை ட்ரூயிடுகள் தூங்கவும் வைக்கலாம். எல்லாவற்றையும் கொல்ல முயன்றால் ஹீலர்களின் மனா (மந்திர சக்தி) இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

கடைசி முட்டை உடைந்ததும் கூட்டம் ஓடிவிடும், ரேஸர்கோர் முழு உயிரோடு திரும்புவான். அவன் போடும் கான்ஃப்ளக்ரேஷன் முதல் டேங்கைச் செயலிழக்க வைக்கும், அப்போது த்ரெட்டில் (பாஸ் யாரை அடிப்பான் என்று தீர்மானிக்கும் எண்) அடுத்து இருப்பவரை அடிப்பான். அந்த இடத்தில் இரண்டாவது டேங்க்தான் இருக்க வேண்டும். ஃபயர்பால் வாலி கண்ணில் படுகிற எல்லார் மேலும் விழும், தூண் மறைவைப் பயன்படுத்துங்கள்.

கில்டு மாஸ்டர்: வேலஸ்ட்ராஸின் உயிரை 12 சதவீதம் வரை கொண்டுபோகிறோம், அதற்கு மேல் நகரவில்லை. கியர் (ஆயுதமும் கவசமும்) போதாதா?

12 சதவீதம் வரை போகிற ரெய்டுக்குக் கியர் போதும். வேல் (வேலஸ்ட்ராஸின் சுருக்கம்) 30 சதவீத உயிரோடுதான் தொடங்குகிறான், நீங்கள் பாதிக்கு மேல் முடித்திருக்கிறீர்கள். எந்த நொடியில் சண்டை உடைகிறது என்று பாருங்கள். 45-வது நொடிக்குப் பிறகோ 90-வது நொடிக்குப் பிறகோ உடைந்தால் காரணம் டேங்க் மாற்றம்.

இந்தச் சண்டையின் கணக்கு இது. தொடங்கியதும் ரெய்டு முழுவதற்கும் எசென்ஸ் ஆஃப் தி ரெட் என்ற வரம் கிடைக்கும்: தாக்கவும் ஹீல் போடவும் செலவாகும் சக்திகளில் நொடிக்கு 500 மனா, 50 எனர்ஜி, 20 ரேஜ், மூன்று நிமிடத்துக்கு. அதற்குள் அவன் சாக வேண்டும். 15 நொடிக்கு ஒருமுறை பர்னிங் அட்ரினலின் என்ற பாதிப்பு மனா உள்ள ஒருவர் மேல் விழும், 45 நொடிக்கு ஒருமுறை அவனைத் தாங்கும் டேங்க் மேல் விழும். விழுந்தவரின் உச்ச உயிர் நொடிக்கு 5 சதவீதம் குறையும், 20 நொடியில் மரணம் உறுதி. எந்த ஹீலும் காப்பாற்றாது. ஆக 45, 90, 135 என்று டேங்குகள் போய்க்கொண்டே இருப்பார்கள். நான்கு டேங்க் வேண்டும், யாருக்குப் பின் யார் என்பது சண்டைக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

இப்போது முக்கியமான இடம். மீலி ஆள் (பக்கத்தில் நின்று அடிப்பவர்) டேங்கின் த்ரெட்டில் 110 சதவீதத்தைத் தாண்டினால்தான் பாஸ் திரும்புவான், தூரத்தில் நிற்பவருக்கு அந்த எல்லை 130. டேங்க் 10,000 வைத்திருந்தால் மேஜ் 12,500 வரை போயும் தப்பிக்கலாம். அந்தச் சலுகை டேங்க் உயிரோடு இருக்கும்வரைதான். டேங்க் விழுந்த நொடியில் பட்டியலில் மேலே இருப்பவரிடம் பாஸ் நேராகப் போவான். 12,500 வைத்திருந்த மேஜ் மேலே இருக்கிறார், வேல் ரெய்டின் நடுவில் திரும்பித் தீயைக் கக்குகிறான், ஐந்து நொடியில் பதினைந்து பேர் தரையில். “12 சதவீதத்தில் திடீரென்று செத்துவிட்டோம்” என்பவர்களின் பதிவைத் திறந்தால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

எனவே டிபிஎஸ் (பாஸின் உயிரைக் குறைக்க அடிப்பவர்கள்) பார்க்க வேண்டியது இப்போது அடி வாங்கும் டேங்கின் எண்ணை அல்ல, அடுத்து வரப்போகிற டேங்கின் எண்ணை. அவரைத் தாண்டாதீர்கள். முதல் 10 நொடி டிபிஎஸ் கையைக் கட்டி நிற்கட்டும். நான்கு டேங்கும் முதல் நொடியிலிருந்தே அடிக்கட்டும். ரேஜ் தீராது என்பதால் த்ரெட் ஏற்றும் ஹீரோயிக் ஸ்டிரைக்கையும் சண்டரையும் நிறுத்தவே வேண்டாம். மற்றவர்களின் த்ரெட்டைக் குறைக்க, அலையன்ஸ் அணியில் டேங்க் தவிர எல்லாருக்கும் சால்வேஷன், ஹோர்டு அணியில் ட்ராங்க்வில் ஏர் டோட்டம். அதே காரணத்துக்காக ஹன்டர்கள் ஃபெயின் டெத்தையும் ரோக்குகள் ஃபெயின்ட்டையும் பழக்கமாகவே அடிக்க வேண்டும்.

நிற்கும் இடமும் கொல்லும். முன்னால் நெருப்பு மூச்சு, பின்னால் வால் வீச்சு. டேங்குகள் மட்டும் முன்னால், மற்றவர்கள் பக்கவாட்டில்.

மேஜ்: பர்னிங் அட்ரினலின் என் மேல் விழுந்தால் ஓடுவதா, அடிப்பதா?

இரண்டும், அந்த வரிசையில். சாகும்போது நீங்கள் வெடிப்பீர்கள், பக்கத்தில் இருப்பவர்கள் மேல் அடி விழும். முதல் சில நொடியில் யாரும் இல்லாத சுவர் ஓரத்துக்குப் போங்கள், பிறகு கடைசி மூச்சு வரை அடியுங்கள். மந்திரங்கள் காத்திருக்காமல் பாயும், அடியும் இரட்டிப்பாகும். போகும் இடத்தைச் சண்டைக்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபயர் மந்திரங்களைத் தொடாதீர்கள். மோல்ட்டன் கோரிலும் இங்கும் மேஜ்கள் ஃப்ராஸ்ட்டில்தான் வர வேண்டும்.

ப்ரீஸ்ட்: மனா மிச்சம் பிடிக்கக் கீழ் ரேங்க் ஹீல் போட்டே பழகிவிட்டது. வேலிலும் அப்படியேவா?

கூடாது. நொடிக்கு 500 மனா வருகிறது, உச்ச ரேங்க்கையே போடுங்கள். ரெய்டு முழுதும் தொடர்ந்து ஃபயர் நோவா வாங்குவதால் ப்ரேயர் ஆஃப் ஹீலிங் ஓயக்கூடாது. ஒரு டேங்குக்கு மூன்று ஹீலர், அட்ரினலின் விழுந்த டேங்கை விட்டுவிட்டு எந்த நொடியில் அடுத்தவருக்கு மாறுவது என்பதையும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த டேங்க் முழு உயிரோடு இருக்கும்போதுதான் மாற்றம் நடக்க வேண்டும்.

எல்லாரும் கிரேட்டர் ஃபயர் ப்ரொடெக்‌ஷன் போஷன் குடித்தே தொடங்குங்கள். ஒன்று 1,950 முதல் 3,250 வரை நெருப்பு அடியை விழுங்கும். ஒரு இரவுக்கு ஆளுக்கு ஐந்தாறு வேண்டும்.

வார்லாக்: பாஸ் மேல் நான் போடும் கரப்ஷன் மந்திரம் பாதியில் காணாமல் போகிறது. இது பக்-ஆ (நிரல் பிழையா)?

பக் இல்லை. தொடக்க கிளாசிக்கில் இருந்த எல்லைப்படி பாஸ் மேல் 16 டீபஃப்தான் (பலவீனமாக்கும் விளைவு) நிற்கும், 17-வது வந்தால் ஒன்று வெளியே தள்ளப்படும். உங்களுடையது நின்று, பதிலுக்கு டேங்க்கின் சண்டர் தள்ளப்பட்டால் எல்லாருக்கும் நஷ்டம். சண்டர், ஃபேரி ஃபயர், கர்ஸ்கள், வின்டர்ஸ் சில் ஆகியவற்றுக்கு முதல் இடம். கரப்ஷனை விட்டு ஷேடோ போல்ட் மட்டும் போடுங்கள்.

லூட் மாஸ்டர்: விழும் பொருளைப் பங்கிட டிகேபியா (ரெய்டுக்கு வந்து சேர்க்கும் புள்ளி), கவுன்சிலா (குழு முடிவு)? சண்டை ஓயவே இல்லை.

முறை எதுவானாலும், பொருள் விழுவதற்கு முன்பு விதி எழுத்தில் இருக்க வேண்டும், அதுதான் சண்டையைக் குறைக்கும். டிகேபி என்றால் வாரத்துக்குக் குறிப்பிட்ட சதவீதம் தேயும்படி வையுங்கள். தேயாத டிகேபியில் பழைய ஆட்கள் மலைபோல் சேர்த்துவைப்பார்கள், புதியவர் எதையும் வாங்க முடியாமல் கில்டை விட்டுப் போவார். ஆளில்லாமல் ரெய்டு ரத்தாகும்போதுதான் அதன் விலை தெரியும். வேலஸ்ட்ராஸைக் கொல்லும்வரை டேங்குகளுக்கும் ஹீலர்களுக்கும் முன்னுரிமை கொடுப்பது என் தெளிவான கருத்து. மோல்ட்டன் கோர் பாஸ்களான கார், கெடான் இருவரிடமும் விழும் பைன்டிங் (தண்டர்ஃப்யூரி வாளுக்கான பாகம்) யாருக்கு என்பதை இன்றே அறிவித்துவிடுங்கள்.

ஆஃபீசர்: 40 இடத்துக்கு எத்தனை பேரை வைத்திருப்பது?

45 முதல் 48. அதற்கு மேல் போனால் வெளியே உட்காருபவர்கள் மனம் வெறுத்துப் போவார்கள், குறைந்தால் பரீட்சை வாரத்தில் ரெய்டு நடக்காது. வெளியே காத்திருப்பவருக்கும் முழு டிகேபி கொடுங்கள். ஹீலர் 10 முதல் 12, டேங்க் ஐந்து, அதில் இருவர் மற்ற பாஸ்களில் ஃப்யூரியாக (தாக்கும் வாரியராக) அடிப்பவர்களாக இருக்கலாம்.

ஹன்டர்: ஓனிக்சியா ஸ்கேல் க்ளோக் (ஓனிக்சியா என்ற டிராகனின் செதில் சேர்த்த மேலங்கி) 40 பேருக்கும் கட்டாயமா?

கடைசி பாஸ் நெஃபேரியனுக்குக் கட்டாயம். தரை இறங்கும்போது அவன் கக்கும் ஷேடோ ஃப்ளேம் எல்லார் மேலும் படும், க்ளோக் இல்லாதவர் பிழைக்க மாட்டார். அவனுக்கு முந்தைய பாஸ்களான ஃபயர்மா, எபன்ராக், ஃப்ளேம்கோர் மூவரிடமும் அது முன்பக்கம் மட்டும், டேங்குகள் அணிந்தால் போதும். செதிலை உரிக்க ஸ்கின்னிங் (தோலுரிக்கும் திறன்) 315 வேண்டும்: 300-க்கு மேல் ஃபிங்கிள்ஸ் ஸ்கின்னர் கத்தி 10, கையுறை என்சான்ட் 5. இந்தக் கத்தி ஒருவரிடம் கூட இல்லாமல் பல வாரச் செதில்களை வீணாக்கும் கில்டுகள் உண்டு. ஓனிக்சியா ஐந்து நாளுக்கு ஒருமுறை திரும்புவாள், இன்றிலிருந்தே சேருங்கள். தையல்காரர்கள் சிண்டர்க்ளாத் க்ளோக்குகளைத் தைத்துத் தயாராக வைக்கட்டும்.

ரோக்: ராலியிங் க்ரை, சாங்ஃப்ளவர் போன்ற தற்காலிக பலங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போகிறோம், முதல் வைப்பிலேயே (ரெய்டு முழுதும் சாவதிலேயே) போய்விடுகிறதே?

செத்தால் போகும். தெரிந்த பாஸ்களை வேகமாக முடிக்க அவை நல்லவை. புது பாஸில் முதல் முயற்சிக்குத்தான் உதவும், திட்டத்தை அவற்றின் மேல் கட்டாதீர்கள். செத்தாலும் நிற்பது ஃப்ளாஸ்க். கில்டு வங்கியின் பணத்தை டேங்குகளின் ஃப்ளாஸ்க் ஆஃப் தி டைட்டன்ஸில் போடுங்கள், 1,200 உயிர் இரண்டு மணி நேரம் நிற்கும்.

புதிய ஆஃபீசர்: வைப் ஆனதும் வாய்ஸில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். எதைத் திருத்துவது?

முதல் மரணத்தைத் தேடுங்கள். சண்டைப் பதிவை வார்கிராஃப்ட் லாக்ஸில் ஏற்றி, மரணப் பட்டியலில் முதல் பெயரையும் அதற்கு முந்தைய பத்து நொடியையும் மட்டும் பாருங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகள். வேலில் அட்ரினலின் மரணங்களைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும், அவை நடந்தே தீரும். அடுத்த முயற்சிக்கு ஒரே ஒரு மாற்றம். மூன்றை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பேசுவது ரெய்டு லீடர் ஒருவர், ஹீலர் தலைவர் அவருக்கு எழுதி அனுப்பட்டும்.

ட்ரூயிட்: ஏழாவது பாஸ் குரோமாகஸுக்கு முன்னால் என்ன சேர்க்க வேண்டும்?

ஹவர்கிளாஸ் சாண்ட். அவனுக்கு முந்தைய கூட்டத்திடம் விழும், அவன் போடும் ஐந்து நிறப் பாதிப்புகளில் வெண்கலத்தை நீக்க வேறு வழி இல்லை. டேங்குகளுக்கே முதலில் கொடுங்கள். மற்றவற்றில் கறுப்பு கர்ஸ் (சாபம்), பச்சை விஷம், சிவப்பு நோய், நீலம் மேஜிக். ஐந்தும் ஒருவர் மேல் சேர்ந்தால் அவர் டிராகனிடாக மாறி ரெய்டையே அடிப்பார். அவனிடம் இரண்டு மூச்சுகள் உண்டு, எவை என்பது வாரத்துக்கு வாரம் மாறும். மூச்சு வரும் நேரத்தில் டேங்கும் அவர் ஹீலர்களும் தவிர மற்றவர்கள் சுவர் மறைவில் இருக்க வேண்டும்.

கில்டு மாஸ்டர் மறுபடி: வேல் விழும்வரை மோல்ட்டன் கோரை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். அது டேங்குகளின் கியரும் புதியவர்களின் பயிற்சியும். ஆனால் வரிசையை மாற்றுங்கள். வார ரீசெட் ஆனதும் முதல் இரவு, ஆட்கள் களைப்பில்லாமல் இருக்கும்போது, நேராக ரேஸர்கோர், பிறகு மீதி நேரம் முழுதும் வேல். மோல்ட்டன் கோர் இரண்டாம் இரவில். போஷன் தீர்ந்தாலோ, ஒரே காரணத்தால் மூன்று முறை தொடர்ந்து செத்தாலோ பத்து நிமிடம் நிறுத்தி, டேங்க் வரிசையை வாய்விட்டு ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள்: யார் முதல், யார் இரண்டாவது, 90-வது நொடியில் யார். நான்கு பேரும் தயங்காமல் சொன்னால் மறுபடி தொடங்குங்கள்.