பம்ப் லேசர்களை அடுக்கிக்கொண்டே போனால் ராமன் பெருக்கி எவ்வளவு அகலம் தாங்கும்?

ஃபைபரில், அதாவது ஒளி போகும் கண்ணாடி இழையில், பலவீனமான சிக்னலுக்கு பம்ப் லேசர் என்ற இன்னொரு பலமான ஒளியிலிருந்து இழைக்குள்ளேயே சக்தி கொடுப்பதுதான் ராமன் பெருக்கி. கேள்வி இது: ராமன் பெருக்கிக்கு எந்த அலைநீளமும் ஒன்றுதான், பம்ப் லேசரை மாற்றினால் போதும் என்கிறார்கள். அப்படியானால் பல பம்புகளை அடுக்கி ஃபைபரின் முழுப் பட்டையையும் பெருக்கிவிட முடியாதா?

ஓரளவுக்கு முடியும். 100 நானோமீட்டர் அகலம் வரை செய்து காட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் பம்பும் சிக்னலும் ஒன்றின் காலை ஒன்று மிதிக்க ஆரம்பித்துவிடும்.

நான் பினாங்கில் நெடுந்தூர ஃபைபர் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். (இந்தப் பெருக்கிக்கு அடிப்படை, திருச்சிக்காரர் சி.வி. ராமன் 1928-இல் கண்டுபிடித்த ராமன் விளைவு. உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் அதை நூடுல்ஸ் 'ராமென்' என்றே வெகுநாள் நினைத்திருந்தார்.)

கண்ணாடி இழையில் பம்ப் ஒளி, தன்னைவிட 13 டெராஹெர்ட்ஸ் அளவு அதிர்வெண் குறைந்த ஒளிக்குத்தான் அதிகம் கொடுக்கும். 1450 நானோமீட்டரில் பம்ப் வைத்தால் 1550 பக்கம் பலன். 1530 முதல் 1620 வரை வேண்டுமென்றால், 1420-இலிருந்து 1510 வரை பல பம்புகள் வேண்டும். சிக்கல் இங்கேதான். எது பம்ப், எது சிக்னல் என்று கண்ணாடிக்குத் தெரியாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுவது போல, குட்டை அலைநீளத்திலிருந்து நீண்ட அலைநீளத்துக்குச் சக்தி ஓடும். 1420 பம்ப் தன்னிடம் உள்ளதை 1510 பம்புக்குத் தாரை வார்த்துவிடும். அதனால் அதற்குக் கூடுதல் பவர் கொடுத்தாக வேண்டும். ஒரு பம்பைத் தொட்டால் எல்லாவற்றையும் மறுபடி சரிசெய்ய வேண்டிவரும்.

சரி, பவரைக் கூட்டிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது வெப்ப இரைச்சல். 1510 பம்புக்கும் 1530 சிக்னலுக்கும் நடுவே வெறும் 20 நானோமீட்டர். அவ்வளவு நெருக்கத்தில், 27 டிகிரி சூட்டிலேயே கண்ணாடியின் அதிர்வுகள் அந்தப் பம்பின் தன்னிச்சையான இரைச்சலை மூன்று மடங்கு வரை ஏற்றிவிடும். 13 டெராஹெர்ட்ஸ் தள்ளி இருந்தால் ஏற்றம் 14 சதவீதம்தான். பட்டையின் குட்டை அலைநீள முனை எப்போதும் அடிவாங்குவது இதனால்தான். இன்னும் அகலமாக்கினால் பம்புகளே சிக்னல் பட்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்; அவற்றின் ரேலே சிதறல் ஒளி (கண்ணாடியில் சிதறித் திரும்பும் ஒளி) சிக்னல் மேலேயே விழும்.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு. எங்களை ஒரு ராத்திரி முழுக்க உட்கார வைத்தது ஒரு தூசி. 10 டெசிபல் கெயின் (சிக்னல் பெருக்கம்) வர வேண்டிய இடத்தில் 7-தான் வந்தது. பம்ப் நன்றாகவே இருந்தது. அதை அணைத்துவிட்டு, பம்ப் வெளியே போகும் கனெக்டரைக் கழற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், ஒளி போகும் ஒன்பது மைக்ரான் மையப்பகுதியான கோரின் நடுவில் கருகிய புள்ளி. துடைக்காமல் சொருகிய தூசி, பம்ப் ஒளியில் வெந்து கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. அதில் போனது 1.5 டெசிபல்தான். ஆனால் ராமன் கெயின் பெரும்பாலும் பம்புக்குப் பக்கத்து இருபது கிலோமீட்டருக்குள்ளேயே உருவாகிறது, டெசிபல் கணக்கில் அது பம்ப் பவருக்கு நேர் விகிதம். அதனால் வாசலிலேயே பம்ப் 29 சதவீதம் குறைந்தால் 10 டெசிபல் 7 ஆகிவிடும். அந்தக் கனெக்டர் இருந்த இணைப்பு இழையை (பேட்ச் கார்டு) மாற்றிய பிறகுதான் கெயின் திரும்பியது.

1530-க்குக் கீழே உள்ள எஸ் பட்டைக்கும் ராமன் போடலாமே என்று நீங்கள் அடுத்துக் கேட்டால், முதலில் கேபிளின் வயதைப் பாருங்கள். அதற்கான பம்புகள் 1365 முதல் 1430 வரை வரும். பழைய இழைகளில், கண்ணாடிக்குள் தங்கிய நீர்க்கூறு 1383-ஐ ஒட்டிய ஒளியை உறிஞ்சிவிடும். பம்ப் ஒளி சிக்னலுக்குக் கொடுப்பதற்கு முன்பே கணிசமான பங்கு அங்கே காணாமல் போய்விடும்.