கச்சானுக்கு ஒரு பானை, மாரிக்கு ஒரு தாங்கி: வாசகர் கேள்வி பதில்

வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய, சுற்றாடலுக்குத் தீங்கில்லாத சாதனங்கள் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இவ்விதழில் பதில் தரப்படுகிறது. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் விரிவான கேள்வியை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி (ஆரையம்பதி வாசகி): மின்சாரம் இல்லாமல் மரக்கறிகளைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் இரட்டைப் பானையைக் காணொளியில் கண்டு, அதேபோல் ஒன்று செய்தேன். மார்கழியில் அதற்குள் வைத்த தக்காளி இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. எங்கே பிழைத்தது?

பதில்: நீங்கள் செய்த பானையில் குறை இருக்க வேண்டியதில்லை, அதைப் பயன்படுத்திய மாதமே பொருந்தவில்லை. ஒரு பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் ஈரமணல் நிரப்பும் இந்த முறையை 1990களில் பரப்பியவர் நைஜீரியாவைச் சேர்ந்த ஆசிரியர் முகமது பா அப்பா. வழக்கமாக மூன்று நாளில் வாடிவிடும் கத்தரிக்காய் அவருடைய பானையில் 27 நாட்கள் கெடாமல் இருந்தது. ஆனால் அவர் அதைச் செய்துபார்த்த வடக்கு நைஜீரியா காற்றில் ஈரமே இல்லாத வறண்ட நிலம். வெளிப்பானையின் சுவரூடாகக் கசியும் நீர் ஆவியாகிப் போகும்போது உள்ளேயிருக்கும் வெப்பத்தையும் எடுத்துச் செல்வதனாலேயே பானை குளிர்கிறது. மாரிக் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால் நீர் ஆவியாக இடமில்லை. பானைக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சணம்தான் வளரும்.

அதே பானையை வைகாசி முதல் ஆவணி வரை, கச்சான் வீசும் காலத்தில் பயன்படுத்திப் பாருங்கள். உடலை வாட்டும் அந்த வறண்ட மேல்காற்று இந்தப் பானைக்கு மிக உகந்தது. வாவிக்குக் கிழக்கே கடலோரமாயுள்ள எழுவான்கரையில் பிற்பகலில் கடற்காற்று திரும்பியதும் குளிர்ச்சி சற்றுக் குறையும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை ஊர்களில் பலன் கூடுதலாகக் கிடைக்கும். பானைகளுக்கு வர்ணமோ மெருகோ பூசியிருக்கக் கூடாது. கடல் மணலிலுள்ள உப்பு பானையின் நுண்துளைகளை அடைத்துவிடும் என்பதால் கழுவிய ஆற்று மணலையே இடுங்கள். நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் மணையின் மேல் வைத்து, காலையும் மாலையும் மணலுக்கு நீரூற்றி, வாயை ஈரச் சாக்கினால் மூடிவையுங்கள். மரக்கறிக்கும் கீரைக்கும் இது போதும். மீன், இறைச்சி, பால் ஆகியவற்றைப் பாதுகாக்கும் அளவுக்கு இது ஒருபோதும் குளிராது. அவற்றை இதனுள் வைக்க வேண்டாம்.

கேள்வி (கிரான் வாசகர்): எங்களிடம் பன்னிரண்டு மாடுகள் உள்ளன. 2022ஆம் ஆண்டு சமையல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற நாட்களிலிருந்து சாண எரிவாயு அமைக்கும் எண்ணம் உண்டு. பழைய 200 லீற்றர் பிளாஸ்டிக் பரல் ஒன்றில் செய்யலாம் என்கிறார்கள். ஐந்து பேருக்குச் சமைக்க அது போதுமா?

பதில்: போதாது. ஒரு கிலோகிராம் பச்சைச் சாணம் ஏறத்தாழ 35 முதல் 40 லீற்றர் வாயு தரும். சாணத்தோடு சம அளவு நீர் கலந்து இடுகிறோம். அந்தக் கரைசல் நம்முடைய வெப்பநிலையில் சுமார் நாற்பது நாட்களாவது உள்ளே தங்கினால்தான் நுண்ணுயிர்கள் அதைச் சரியாகச் செரிக்கும். ஆகவே 200 லீற்றர் பரலுக்கு ஒரு நாளைக்கு 5 லீற்றர் கரைசலே, அதாவது இரண்டரைக் கிலோ சாணமே இடலாம். கிடைக்கும் 100 லீற்றர் வாயுவில் ஒரு கேத்தல் தேநீர் வைக்கலாம், சோறும் கறியும் ஆகாது. முறையைக் கற்றுக்கொள்வதற்குப் பரல் நல்லது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஐந்து பேரின் சமையலுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.5 கன மீற்றர் வாயு வேண்டும். அதற்கு 30 முதல் 40 கிலோ சாணமும், குறைந்தது 4 கன மீற்றர் கொள்ளளவுள்ள செங்கல் தாங்கியும் தேவை.

இனி மாடுகளைப் பார்ப்போம். கட்டிவைத்து வளர்க்கும் மாடு நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 கிலோ சாணமிடும். நம்முடைய பட்டி மாடுகளோ பகல் முழுவதும் மேய்ச்சலில் நிற்பதால் இரவுச் சாணம் மட்டுமே கைக்கு வரும். மாட்டுக்கு 4 கிலோ என்று குறைத்துக் கணக்கிட்டாலும் பன்னிரண்டு மாடுகளிலிருந்து 48 கிலோ கிடைக்கும், அது தாராளம். ஆனால் மாரியில் பெரும்போக நெல் விதைத்ததும் பட்டியைத் தூர மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோய்விடுவீர்கள் அல்லவா? விறகு நனைந்து அடுப்பு எரிய மறுக்கும் அந்த மாதங்களில்தான் உங்கள் தாங்கியும் பட்டினி கிடக்கும். ஆகவே மூன்று நான்கு கறவைகளையாவது வீட்டோடு கட்டி வளர்க்க முடியுமா என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு அதன் பிறகு செங்கல் வாங்குங்கள். குறையும் சாணத்துக்கு ஈடாகச் சமையல் கழிவுகளையும் வடித்த கஞ்சியையும் சேர்க்கலாம். ஆனால் அவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். ஒரே நாளில் வாளி வாளியாகக் கொட்டினால் உள்ளிருக்கும் கரைசல் புளித்து, வாயு உண்டாவதே நின்றுவிடும்.

தாங்கிக்கு மாரி வெள்ளம் ஏறாத மேட்டு நிலத்தைத் தெரிவுசெய்யுங்கள். நிலத்தடி நீர் மேலெழும் இடத்தில் வெறுமையான தாங்கியை நீர் கீழிருந்து உந்திக் கிளப்பிவிடும். வெடிப்பு விழுந்தால் அருகிலுள்ள கிணறும் கெடும்.

பாதுகாப்பை எவ்வளவு வற்புறுத்தினாலும் தகும். சாண எரிவாயுவின் பெரும்பகுதி மெதேன். காற்றில் அது 5 முதல் 15 வீதம் வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். தாங்கியில் முதலில் சேரும் வாயுவில் காற்றும் கலந்திருப்பதால் அதை எரித்துப் பார்க்காமல் திறந்த வெளியில் விட்டுவிடுங்கள். கசிவு இருக்கிறதா என்பதைச் சவர்க்கார நுரை பூசித்தான் பார்க்க வேண்டும், நெருப்புக் குச்சியால் ஒருபோதும் பார்க்கக் கூடாது. குழாயின் ஒரு கிளையை நீர் நிரம்பிய போத்தலுக்குள் அமிழ்த்தி வைத்தால் அழுத்தம் மிகும்போது வாயு குமிழியிட்டு வெளியேறிவிடும். அழுகிய முட்டை நாற்றம் தரும் ஐதரசன் சல்பைட்டு அடுப்பை அரிக்கும். இரும்புத் துருவல் அடைத்த குழாயினூடாக வாயுவைச் செலுத்தி அதைக் குறைக்கலாம். துப்புரவு செய்வதற்காக யாரும் தாங்கிக்குள் இறங்க வேண்டாம். அந்த வாயுவில் மயங்கியவரைத் தூக்க இறங்குபவரும் சேர்ந்து இறப்பது பல நாடுகளில் மீண்டும் மீண்டும் நடந்திருக்கிறது.

கேள்வி (மருதமுனை வாசகர்): எங்கள் தறிக்கூடம் பகலிலும் இருட்டாக இருக்கிறது. அஸ்பெஸ்டஸ் சீற்றில் துளையிட்டு, நீர் நிரப்பிய போத்தல்களைப் பொருத்தி வெளிச்சம் பெறலாமா?

பதில்: போத்தல் விளக்கு நல்ல கண்டுபிடிப்பு. பிரேசில் நாட்டு இயந்திரத் திருத்துநர் அல்பிரெடோ மோசர் 2002இல் மின்வெட்டுக் காலத்தில் இதைச் செய்தார். பாசி பிடிக்காதிருக்க இரண்டு மூடி வெளிற்றும் திரவம் கலந்த நீரை 2 லீற்றர் போத்தலில் நிரப்பிக் கூரையில் பாதி வெளியே தெரியும்படி பொருத்தினால், நல்ல வெயிலில் 40 முதல் 60 வோட் மின்குமிழின் வெளிச்சம் கிடைக்கும். ஆனால் அஸ்பெஸ்டஸ் சீற்றை நீங்கள் வெட்டவோ துளையிடவோ கூடாது என்பதை உறுதியாகச் சொல்கிறோம். அப்போது பறக்கும் கண்ணுக்குத் தெரியாத நார்கள் நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு புற்றுநோயாக வெளிப்படும். தறியில் நாள் முழுவதும் இருப்பவர்கள் அதையே சுவாசிக்க நேரும்.

கூரையின் ஒரு பகுதி தகரமானால் போத்தலை அங்கே பொருத்துங்கள். ஓடானால் நம்முடைய பழைய வீடுகளில் இருப்பதுபோல் இடையிடையே கண்ணாடி ஓடு பதிப்பது இன்னும் எளிது. முழுவதும் அஸ்பெஸ்டஸ் என்றால், அனுபவமுள்ளவரைக் கொண்டு ஒரு சீற்றை நனைத்து, உடைக்காமல் முழுதாகக் கழற்றி, அந்த இடத்தில் ஒளிபுகும் சீற்றை இடலாம். அதன் கீழே நேர்வெயில் விழுவதால் சாயமிட்ட நூலை அவ்விடத்திலிருந்து தள்ளி வையுங்கள், இல்லையேல் நிறம் மங்கும்.

கேள்வி (சம்மாந்துறை வாசகர்): ஆலைகளில் குவியும் உமியை அடுப்பெரிக்கப் பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்தலாம். நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை வீதியோரத்தில் எரித்து ஊரைப் புகையால் மூடுவதைவிட அடுப்பில் எரிப்பது எவ்வளவோ மேல். உமியை வாயுவாக்கி நீலச் சுவாலையாக எரிக்கும் அடுப்பை உருவாக்கியதற்காக பிலிப்பைன்ஸ் பொறியியலாளர் அலெக்சிஸ் பெலோனியோ 2008இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். சிறிய மின்விசிறி ஒன்று அடியிலிருந்து காற்றூதுவதே அதன் உயிர். எந்த உமி அடுப்பிலும் மணமற்ற நச்சுவாயுவான காபனோரொட்சைட்டு வெளிவரும் என்பதால் திறந்த கொட்டிலில் மட்டும் எரியுங்கள். எஞ்சும் கரித்த உமியை வயலுக்கே திருப்பிப் போடுங்கள்; சிலிக்காவும் பொற்றாசியமும் நெற்பயிருக்கு வேண்டியவை.

கேள்வி (நாவிதன்வெளி வாசகி): கிட்டங்கி ஆற்றில் அடர்ந்திருக்கும் ஆற்றுவாழையை (ஆகாயத்தாமரை என்னும் மிதக்கும் நீர்க்களையை) கூட்டெருவாக்கலாமா?

பதில்: ஆக்கலாம், ஆனால் பூக்கும் முன் அள்ளுங்கள். அதன் நிறையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர் என்பதால் கரையிலேயே நன்கு உலர்த்திவிட்டு, சாணமும் வைக்கோலும் சேர்த்து அடுக்குங்கள். வேறு குளத்துக்கோ வாய்க்காலுக்கோ ஒரு துண்டும் போய்ச் சேரக் கூடாது. இச்செடியைத் தடுக்கவென்றே இலங்கையில் 1909இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

கேள்வி (திருக்கோவில் வாசகர்): ஆவணி வந்தால் எங்கள் கிணற்று நீர் உவர்க்கிறது. மழைநீர்த் தாங்கி கட்டினால் கோடை முழுவதும் குடிக்கக் காணுமா?

பதில்: குடிக்கவும் சமைக்கவும் காணும், குளிக்கக் காணாது. ஒரு சதுர மீற்றர் கூரையில் விழும் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர் நீராகும். உங்கள் கூரை 50 சதுர மீற்றர் என்றால், 25 மில்லிமீற்றர் பெய்யும் ஒரு நாளில் சிந்தியது போக 1,000 லீற்றர் சேரும். ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு 25 லீற்றர் என வைத்தால், ஐந்து மாதக் கோடைக்கு 3,750 லீற்றர் போதும். ஆகவே 5,000 லீற்றர் தாங்கி ஒன்று, கோழிவலையும் சீமெந்துச் சாந்தும் கொண்டு கட்டியதாயினும், கார்த்திகையில் சில நல்ல மழைகளிலேயே நிரம்பிவிடும்.

கூரையைக் கழுவிவரும் முதல் நீரைத் தாங்கிக்குள் விடக் கூடாது. நான்கு அங்குல பீவீசீ குழாயை இரண்டரை மீற்றர் நீளத்துக்கு அடி மூடி நிறுத்தினால் முதல் 20 லீற்றர் அதில் தங்கிவிடும். பிறகு வருவதே தாங்கிக்குப் போகும். மழை விட்டதும் அடிமூடியைத் திறந்து குழாயை வெறுமையாக்குங்கள். தாங்கிக்குள் வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும், வலையில்லாத வாய் இருந்தால் டெங்கு நுளம்பு முட்டையிடும். குடிக்கும் நீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

கிணற்றையும் கவனியுங்கள். கரையோர மணலின் அடியில் நன்னீர் உப்புநீரின் மேல் எண்ணெய்போல் மிதந்து நிற்கிறது. பெரிய மோட்டார் போட்டு ஒரே மூச்சில் இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலேறும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் உவர்த்துப்போன கிணறுகளையும் திரும்பத் திரும்ப இறைத்ததைவிட அடுத்தடுத்து வந்த மாரி மழைகளே தெளிவித்தன. ஆகவே கோடையில் சிறுகச் சிறுக இறையுங்கள். தாங்கி நிரம்பி வழியும் நீரை வீதி வாய்க்காலுக்கு விடாமல், மலசலகூடக் குழியிலிருந்து விலகிய இடத்தில், கிணற்றடிக்குச் சற்று அப்பால் பரல்கல் நிரப்பிய குழி ஒன்றுக்குத் திருப்பிவிடுங்கள்.