அடிக்கடி செல்லும் இணையதளத்துக்கு ஒரே சொடுக்கு: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் எங்களுக்கு வந்த கணினிக் கேள்விகளில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து வந்தவை. கேட்ட விதம் வேறு வேறாக இருந்தாலும், நாள்தோறும் திறக்கும் இணையதளத்தைத் தேடி அலையாமல் கணினியின் முகப்பிலிருந்தே திறப்பது எப்படி என்பதுதான் எல்லாவற்றின் உள்ளடக்கம். ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் தந்தையார் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மின் கட்டணம், சொத்து வரி, குடிநீர் வரி, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் வீட்டுக் கணினியிலேயே பார்த்துக்கொள்கிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் கூகுளில் பெயரை அடித்து, முதலில் வருவதைச் சொடுக்கிவிடுகிறார். சென்ற முறை, மின் கட்டணப் பக்கம் போலவே இருந்த வேறொரு பக்கத்தில் ஏடிஎம் அட்டை எண்ணைக் கொடுக்கப்போன நேரத்தில் நான் பார்த்துத் தடுத்தேன். அவர் தேடாமலே போவதற்கு வழி உண்டா?
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நல்ல வேளையாக நீங்கள் அருகில் இருந்தீர்கள். தேடல் முடிவுகளில் மேலே வருவதெல்லாம் உண்மையான தளம் என்று நம்பிவிடக் கூடாது. பணம் கொடுத்து விளம்பரமாக இடம் பிடித்த பக்கங்களும் அங்கேதான் வரும். டெஸ்க்டாப்பில், அதாவது கணினியின் முகப்புத் திரையில், ஷார்ட்கட் (தளத்தைத் திறக்கும் சிறு படம்) வைப்பதால் சில நொடிகள் மிச்சமாகும் என்பதைவிட, சரியான முகவரியை ஒரு முறை நிதானமாகச் சரிபார்த்து வைத்துவிட்டால் அதன் பிறகு தேட வேண்டிய தேவையே எழாது என்பதைத்தான் நான் அதன் பெரிய பயனாகக் கருதுகிறேன்.

முதலில் நீங்களே உட்கார்ந்து, சரியான தளத்தை உலாவியில் (குரோம், எட்ஜ் போன்ற, இணையம் பார்க்கும் மென்பொருளில்) திறந்துகொள்ளுங்கள். உலாவியின் சன்னலைச் சற்றுச் சுருக்கி, பின்னால் டெஸ்க்டாப் தெரியும்படி செய்யுங்கள். முகவரிக்கு இடப்பக்கத்தில் ஒரு சிறிய குறி இருக்கும். ஃபயர்ஃபாக்ஸிலும் எட்ஜிலும் அது பூட்டு வடிவில் இருக்கும். குரோமில் 2023ஆம் ஆண்டு முதல் பூட்டுக்குப் பதிலாக, இரண்டு கோடுகளும் சிறு வட்டங்களும் சேர்ந்த ஒரு குறியை வைத்திருக்கிறார்கள். அந்தக் குறியின்மேல் மவுஸின் இடப் பொத்தானை அழுத்தியபடியே இழுத்து வந்து டெஸ்க்டாப்பில் விடுங்கள். ஷார்ட்கட் தயார்.

இழுப்பது கைக்கு வரவில்லை என்றால், டெஸ்க்டாப்பின் வெற்றிடத்தில் வலப் பொத்தானை அழுத்தி, நியூ, ஷார்ட்கட் என்ற வரிசையில் சென்று, வரும் பெட்டியில் முகவரியை முழுமையாக ஒட்டி, அடுத்த திரையில் ஒரு பெயரைக் கொடுத்து முடித்துவிடலாம். இந்தப் பெயரைத் தமிழிலேயே வையுங்கள். ‘மின் கட்டணம்’, ‘வீட்டு வரி’, ‘குடிநீர் வரி’ என்று அப்பா வீட்டில் எப்படிச் சொல்வாரோ அப்படியே எழுதினால், அவர் எந்தப் படத்தைத் தொடுவது என்று தயங்க மாட்டார். பின்னால் பெயரை மாற்ற விரும்பினால், அதைத் தேர்ந்துகொண்டு எஃப்2 விசையை அழுத்தினால் போதும். சாய்கோடு, கேள்விக்குறி, முக்காற்புள்ளி போன்ற சில குறிகளை மட்டும் பெயரில் விண்டோஸ் ஏற்காது.

முகவரி சரியானதா என்பதை உறுதி செய்வதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். ஜிஓவி.ஐஎன் (gov.in) என்று முடியும் முகவரிகள் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுகின்றன. மாநகராட்சியின் தளமும் குடிநீர் வாரியத்தின் தளமும் அப்படி முடிபவையே. மின் கட்டணத் தளம் ஓஆர்ஜி (org) என்று முடிவது. அந்த முடிவை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்பதால் அங்கே கூடுதல் கவனம் தேவை. மேலும், 2024இல் மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் பிரிக்கப்பட்டு, பகிர்மானம் தனி நிறுவனமாகிவிட்டது. அதற்கு முன் செய்து வைத்த ஷார்ட்கட் இருந்தால் அதை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்யுங்கள். வங்கிகளுக்கோ, 2025 அக்டோபர் 31க்குள் பேங்க்.ஐஎன் (bank.in) என்று முடியும் முகவரிக்கு மாறும்படி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. உங்கள் வங்கியின் ஷார்ட்கட் பழைய முகவரியில் இருந்தால், அதையும் இதே கையோடு மாற்றிவிடுங்கள்.

குரோம், எட்ஜ் ஆகியவற்றின் பட்டியில், ஒரு தளத்தைத் தனிச் செயலியைப் போல நிறுவிக்கொள்ளும் வசதியும் உண்டு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அப்படித் திறக்கும் சன்னலில் முகவரிப் பட்டை தெரியாது என்பதால், பணம் செலுத்தும் தளங்களுக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. தவறிப்போய் எப்போதாவது பணம் போய்விட்டால், தாமதிக்காமல், இணைய மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதை அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஜிஎஸ்டி தளத்தில் கணக்குத் தாக்கல் செய்யும் பக்கத்தையே ஷார்ட்கட்டாக வைத்துக்கொண்டேன். அன்று நன்றாகத் திறந்தது. மறுநாள் முதல் அனுமதி இல்லை என்றே வருகிறது. கணினியில் கோளாறா?
— வாசகர், எம்.சி. ரோடு, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: கணினியில் கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் எந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு ஷார்ட்கட் எடுத்தீர்கள் என்பதில்தான் சிக்கல்.

டெஸ்க்டாப்பில் தெரியும் அந்தப் படம், உண்மையில் சில வரிகள் மட்டுமே கொண்ட ஓர் எழுத்துக் கோப்பு. அதை நோட்பேடில் திறந்து பாருங்கள்: சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு தலைப்பும், அதன் கீழே யுஆர்எல் (URL) என்று தொடங்கி சமக்குறிக்குப் பின் ஒரு முகவரியும் இருக்கும். தளத்தின் எந்தப் பகுதியும், உங்கள் பயனர் பெயரும், கடவுச்சொல்லும் அதற்குள் இல்லை. ஆகவே ஷார்ட்கட்டை அழித்தால் தளத்துக்கோ உங்கள் கணக்குக்கோ ஒன்றும் ஆகாது. அதே காரணத்தால், அதை வைத்திருப்பதனால் மட்டுமே நீங்கள் உள்ளே நுழைந்துவிட்டதாகவும் ஆகாது.

பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும்போது, தளம் உங்களுக்கென்று ஒரு தற்காலிக அனுமதியைத் தருகிறது. கோயிலில் கொடுக்கும் தரிசனச் சீட்டு அன்றைக்கு மட்டும் செல்வதுபோல, அந்த அனுமதியும் நீங்கள் வெளியேறும்போதோ, நெடுநேரம் எதையும் தொடாமல் இருக்கும்போதோ காலாவதியாகிவிடும். உள்ளே இருக்கும் பக்கத்தின் முகவரியை நீங்கள் பத்திரப்படுத்தினீர்களே தவிர, அனுமதியைப் பத்திரப்படுத்த முடியாது. சில தளங்களில் அந்த அனுமதியின் குறியெண் முகவரியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கேள்விக்குறிக்குப் பின்னால் எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாகப் போகும் முகவரிகளைப் பார்த்தால் அப்படியும் இருக்கலாம் என்று கருதுங்கள். அத்தகைய முகவரியை மற்றவர்களுக்கு அனுப்பவும் கூடாது.

பழைய ஷார்ட்கட்டை நீக்கிவிட்டு, தளத்தின் முதல் பக்கத்தில், அதாவது நுழைவதற்கு முன்னால், புதிதாக ஒன்றைச் செய்யுங்கள். சரக்கு அனுப்புவதற்கான இ-வே பில் தளம் தனி முகவரியில் இயங்குவது என்பதால் அதற்கு வேறொரு ஷார்ட்கட் வேண்டும். விற்பனை விவரத்துக்கு 11ஆம் தேதியும், மாதக் கணக்குக்கு 20ஆம் தேதியும் கெடு என்றிருக்கும் மாதாந்திரத் தாக்கலில், கடைசி நாள் மாலையில் முகவரியைத் தேடிக்கொண்டிருக்கும் நிலை உங்களுக்கு வரக் கூடாது.

கேள்வி: ராயபுரத்திலிருந்து பாரிமுனைக்குச் சென்று, சுங்க முகவர் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்கள் டிஜிட்டல் கையொப்பம் ஓர் உலாவியில் மட்டும்தான் சரியாக வேலை செய்கிறது. ஷார்ட்கட்டோ எப்போதும் வேறோர் உலாவியில் திறக்கிறது. அலுவலகக் கணினியில் இயல்பான (டிஃபால்ட்) உலாவியை மாற்ற எனக்கு அனுமதி இல்லை.
— வாசகர், ராயபுரம்

பதில்: சாதாரண இணைய ஷார்ட்கட்டில் முகவரி மட்டுமே இருக்கிறது; எந்த உலாவி என்ற குறிப்பு அதில் இல்லை. ஆகவே கணினியின் இயல்பான உலாவி எதுவோ அதில்தான் அது திறக்கும். உங்கள் நிலையில், தளத்துக்கு ஷார்ட்கட் செய்யாமல், உலாவிக்கே ஒரு ஷார்ட்கட் செய்து அதில் முகவரியைச் சேர்த்துவிடுவதே சரியான வழி.

கையொப்பம் வேலை செய்யும் அந்த உலாவியின் ஷார்ட்கட்டை டெஸ்க்டாப்பிலேயே நகலெடுத்து ஒட்டுங்கள். நகலின்மேல் வலப் பொத்தானை அழுத்தி, ப்ராப்பர்ட்டீஸ் பெட்டியில் டார்கெட் என்ற வரியைப் பாருங்கள். அதில் இருப்பதை அழிக்காமல், வரியின் கடைசிக்குச் சென்று, மேற்கோள் குறிக்கு வெளியே ஓர் இடைவெளி விட்டு, தளத்தின் முகவரியை ஒட்டிச் சேமியுங்கள். இடைவெளியை மறந்தாலும், முகவரியை மேற்கோள் குறிக்குள் வைத்தாலும் பிழைச் செய்தி வரும். இந்த இடத்தில்தான் பலர் முயற்சியைக் கைவிடுகிறார்கள். குரோமில் அலுவலகத்துக்கும் சொந்தத்துக்கும் தனித்தனிக் கணக்குகள் வைத்திருப்பவர்கள், சுயவிவர அமைப்புகளில் இருக்கும் டெஸ்க்டாப் ஷார்ட்கட் வசதியை இயக்கி, அதில் கிடைக்கும் ஷார்ட்கட்டின் டார்கெட் வரியில் இதே முறையில் முகவரியைச் சேர்க்கலாம்.

கேள்வி: எங்கள் குடும்பத்துக்கு விசைப்படகு இருக்கிறது. காலையில் எழுந்தவுடன் வானிலைப் பக்கம், கடல் நிலைப் பக்கம், மீன் கிடைக்கும் இடங்களைச் சொல்லும் பக்கம் என மூன்றையும் பார்ப்பேன். மூன்றையும் ஒரே தடவையில் திறக்க முடியுமா?
— வாசகர், காசிமேடு

பதில்: முடியும். மூன்றுக்கும் தனித்தனியே ஷார்ட்கட் செய்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மவுஸால் மூன்றையும் சுற்றி ஒரு கட்டம் இழுத்துத் தேர்ந்துகொண்டு, என்டர் விசையை அழுத்தினால் மூன்றும் வரிசையாகத் திறக்கும்.

கணினியை முதன்மையாக இதற்குத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால், உலாவியின் அமைப்புகளில், தொடங்கும்போது குறிப்பிட்ட பக்கங்களைத் திறக்கும்படி சொல்லும் இடத்தில் மூன்று முகவரிகளையும் கொடுத்துவிடலாம். ஹைதராபாத்தில் இயங்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், மீன்வள வாய்ப்புப் பகுதிகளைப் பற்றிய அறிவிப்புகளைத் தமிழிலும் தருகிறது. ஷார்ட்கட்டைத் தமிழ்ப் பக்கத்திலிருந்தே எடுத்தால் வீட்டில் எல்லோரும் படிக்கலாம். படகுத்துறையில் நிற்கும்போது கைப்பேசிதான் துணை என்பதால், அதிலும் குரோமின் மூன்று புள்ளிப் பட்டிக்குச் சென்று, முகப்புத் திரையில் சேர்க்கும் கட்டளையைக் கொடுத்து, அதே பக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, எல்லா முகவரிகளும் இன்னும் செல்கின்றனவா என்று சரிபார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: என்னிடம் அரசு கொடுத்த பழைய மடிக்கணினி இருக்கிறது. அதில் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம்தான் ஓடுகிறது. நீங்கள் சொல்லும் முறை அதில் செல்லுமா?
— மாணவி, வியாசர்பாடி

பதில்: பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி அமைப்பான சி-டாக்கின் நம் சென்னை மையம் உருவாக்கியது, அதிலும் இது முடியும். டெஸ்க்டாப்பில் வலப் பொத்தானை அழுத்தும்போது லாஞ்சர் (ஷார்ட்கட்டுக்கு லினக்ஸில் உள்ள பெயர்) உருவாக்கும் கட்டளை வந்தால், கமாண்ட் என்ற இடத்தில் ஃபயர்ஃபாக்ஸ் என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, முகவரியைச் சேருங்கள். முதல் முறை திறக்க மறுத்தால், அதன்மேல் வலப் பொத்தானை அழுத்தி, இயங்க அனுமதி கொடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் கை நடுக்கம் உண்டு. மவுஸைச் சரியாக இரண்டு முறை சொடுக்க அவரால் இயலவில்லை. ஆனால் மருத்துவமனை முன்பதிவுப் பக்கத்தைத் தாமே திறக்க விரும்புகிறார்.
— வாசகி, திருவொற்றியூர்

பதில்: அம்மாவின் விருப்பம் நிறைவேற நிச்சயம் வழி இருக்கிறது. அந்தப் பக்கத்தின் ஷார்ட்கட்டைச் செய்தபின், அதன் ப்ராப்பர்ட்டீஸ் பெட்டியில் ஷார்ட்கட் கீ என்ற கட்டத்தைச் சொடுக்கி, எம் எழுத்தை மட்டும் அழுத்துங்கள். கண்ட்ரோல், ஆல்ட் ஆகிய இரண்டையும் விண்டோஸ் தானாகவே முன்னால் சேர்த்துக்கொள்ளும். அதன்பின் மவுஸைத் தொடாமலே அந்த மூன்று விசைகளால் பக்கம் திறக்கும். மூன்றையும் ஒரே நேரத்தில் அழுத்துவது கடினமாக இருந்தால், அமைப்புகளில் அணுகல் வசதிகள் பகுதியில் ஸ்டிக்கி கீஸ் வசதியை இயக்குங்கள். அப்போது அவர் ஒன்றன்பின் ஒன்றாக, தமக்கு வசதியான வேகத்தில் அழுத்தினாலே போதும். அந்த மூன்று விசைகளின் மேலும் வண்ண ஒட்டுத்தாள் ஒட்டி வையுங்கள். ஷார்ட்கட்டை மட்டும் டெஸ்க்டாப்பிலேயே விட்டு வைக்க வேண்டும். திரையை ஒழுங்குபடுத்துவதாக எண்ணி யாராவது அதை ஒரு ஃபோல்டருக்குள் நகர்த்திவிட்டால், விசைகள் வேலை செய்யாது.