100 கிலோ கச்சாப் பட்டு 97 கிலோவாக வந்தால் ஏமாற்றா?

தராசு 97 காட்டுவதை மட்டும் வைத்து விற்றவரைக் குறை சொல்லாதீர்கள். சர்வதேச வணிகத்தில் கச்சாப் பட்டுக்கு விலை போடுவது பொதுவாக, முற்றிலும் உலர்ந்த எடையோடு 11% ஈரம் சேர்த்த கணக்கில்தான். வறண்ட காற்றில் கிடந்த நூல் ஈரத்தை இழந்திருக்கலாம்.

பொதியைப் பிரித்து எடைபோட்ட கையோடு, நடுவிலிருந்து 100 கிராம் எடுங்கள். மேலே இருக்கும் சிட்டம் (நூல் கட்டு) வேண்டாம், அதுதான் முதலில் காயும். உலர்த்தும் அடுப்பில் எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை வையுங்கள்.

93 கிராமில் நின்றால் 97 × 0.93 × 1.11 = 100.1, சரக்கு முழுசு. 90இல் நின்றால் 96.9தான், குறைவைத் தயங்காமல் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் வெறும் நிகர எடை என்றிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. பசை நீக்கும்போது செரிசின் என்ற பட்டுப் பசை போய்க் குறையும் 20–30% வேறு விஷயம், இதோடு சேர்க்காதீர்கள்.