வண்டி நிற்கும் பத்து நிமிடம்: ரயில் நிலையத் தண்ணீர்த் தொட்டி பற்றிக் கேள்வி பதில்

ரயில்வே பொறியியல் பிரிவில் பெரும்பாலான வருடங்களைத் தண்ணீர் வேலையிலேயே கழித்து ஓய்வு பெற்றவன் நான். நிலையங்களுக்குப் புதிதாகத் தண்ணீர் ஏற்பாடும் தொட்டியும் திட்டமிடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (புதிதாகச் சேர்ந்த இளநிலைப் பொறியாளர்): சார், எங்கள் ஜங்ஷனுக்கு இரண்டு லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி என்று பேச்சு. இந்த அளவு போதுமா?

பதில்: தம்பி, தொட்டி அளவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு நோட்டோடு மூன்று நாள் நடைமேடையில் நில்லுங்கள். எந்த வண்டி எப்போது வருகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது, எத்தனை கோச்சுக்குத் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று எழுதுங்கள்.

நாள் கணக்கு சுலபம். எக்ஸ்பிரஸ் நிற்கும் நிலையத்தில் குளியல் வசதி இருந்தால் தலைக்கு 70 லிட்டர், இல்லையென்றால் 45 என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவு. பிட் லைன் (கோச்சுகளை நிறுத்திக் கழுவிப் பராமரிக்கும் பாதை) இருந்தால் அகலப்பாதை கோச் ஒன்றைக் கழுவ 3,600 லிட்டர் என்று வைப்பது வழக்கம். 24 கோச்சுக்கு 86,400. நடைமேடை கழுவச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர். குடியிருப்பு, அலுவலகம், வண்டி ஓட்டுநர்கள் தங்கும் ரன்னிங் ரூம் எல்லாம் சேர்த்துக் கூட்டினால் நாள் தேவை வந்துவிடும்.

நிமிடக் கணக்கில்தான் கோட்டை விடுகிறோம். ஒரு கோச்சில் சுமார் 1,800 லிட்டர் பிடிக்கும். 24 கோச்சும் பாதி காலியாக வந்தால் 21,600 லிட்டர் வேண்டும். வண்டி நிற்பது பத்து நிமிடம் என்றால் நொடிக்கு 36 லிட்டர். 100 மி.மீ. பைப்பில் இந்தத் தண்ணீர் நொடிக்கு நாலரை மீட்டர் வேகத்தில் ஓடியாக வேண்டும். அழுத்தமெல்லாம் உராய்விலேயே தீர்ந்துபோகும். 200 மி.மீ. பைப் போட்டால் ஒரு மீட்டர் சொச்சம்தான், நிம்மதியாக ஓடும். அதே நேரத்தில் எதிர் நடைமேடையிலும் ஒரு வண்டி நின்றால் தேவை இரட்டிப்பு. உங்கள் இரண்டு லட்சம் போதலாம். அது வெளியே வரும் வழி போதுமா என்று பாருங்கள்.

கேள்வி (கோச்சுக்குத் தண்ணீர் பிடிக்கும் ஊழியர்): அண்ணே, டேங்க் நிறைய இருக்கும்போதும் கடைசி நாலு கோச்சுக்குத் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை. ஏன்?

பதில்: அந்த ஹோஸை நானே பிடித்துப் பார்த்திருக்கிறேன். டேங்க் பக்கத்துக் கோச்சில் அது கையில் நிற்காமல் துள்ளும். மறுமுனையில் அதே ஹோஸ் தொளதொளவென்று கிடக்கும். கார்டு விசில் ஊதும்போதும் ஓவர்ஃப்ளோ குழாயில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்திருக்காது. அந்தக் கோச்சில் ராத்திரி முழுக்க எழுபத்திரண்டு பேர் போவார்கள் என்பதை நினைத்தால் மனசு கேட்காது.

ஒரு முனையிலிருந்து மட்டும் தண்ணீர் கொடுப்பதுதான் காரணம். நடுவில் கொண்டுவந்து இரு பக்கமும் பிரித்துவிட வேண்டும், அல்லது இரண்டு முனைகளையும் டேங்க் லைனோடு சேர்த்து வளையமாக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. பழைய ஐ.சி.எஃப். வகைக் கோச் சுமார் 22.3 மீட்டர், புதிய எல்.எச்.பி. வகைக் கோச் 24 மீட்டர். 22 கோச் வண்டியில் இந்த வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து கிட்டத்தட்ட 37 மீட்டர் ஆகிவிடும். பழைய கோச்சுக்கு ஏற்றபடி நட்ட ஹைட்ரண்டுகள் (ஹோஸ் மாட்டும் குழாய்கள்) இன்றைய வண்டியின் வாலில் பொருந்தாது. புதுத் திட்டத்தில் ஹைட்ரண்ட் இடைவெளியையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். தண்ணீர் பிடிப்பவர் சொன்னால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

கேள்வி: தொட்டியை இன்னும் உயரமாகக் கட்டினால் போதாதா?

பதில்: பத்து மீட்டர் உயர்த்தினால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கூடும், அவ்வளவுதான். மெல்லிய பைப் அதையும் விழுங்கிவிடும். விரைவாகத் தண்ணீர் ஏற்றும் புதிய முறையில் பெரிய பைப்போடு அழுத்தம் கூட்டும் பூஸ்டர் பம்புகளும் வைக்கிறார்கள். அது நல்ல வழி.

கேள்வி (கட்டடப் பொறியியல் மாணவி): ஐயா, கான்கிரீட் தொட்டியில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம் 30-க்குக் குறையக் கூடாதம்மா. கட்டி முடித்ததும் தண்ணீர் நிரப்பி ஏழு நாள் ஊற விடுங்கள்; அடுத்த ஏழு நாள் வெளிப்புறம் காய்ந்தே இருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் அதற்கப்புறம்தான்.

எல்லாவற்றையும் விட முக்கியம், நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டு அறையாகக் கட்டுங்கள். நான் இருந்த ஒரு நிலையத்தில் ஒற்றை அறைத் தொட்டி. கழுவ இறக்கினால் அன்றைக்கு நிலையத்துக்கே தண்ணீர் இல்லை. அதனால் தள்ளித் தள்ளிப் போட்டோம். கடைசியில் உள்ளே இறங்கியபோது சேறு கணுக்கால் வரை வந்தது. அந்தத் தண்ணீரைத்தான் அத்தனை நாளும் மக்கள் குடித்தார்கள். இன்றைக்கும் எனக்கு அது வருத்தம்தான்.

கேள்வி: போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால்?

பதில்: கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால்தான் 2,000 வரை. மே மாதத்தில் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை சோதியுங்கள். ஜனவரியில் எடுத்த ஒரே பாட்டிலை நம்பி முடிவு செய்யாதீர்கள். கழுவும் வேலைக்குப் போர்வெல், குடிக்க ஆற்றுக் குடிநீர் என்று லைனைப் பிரிப்பது நல்லது. கடைசிக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும்.

கேள்வி: நீராவி இன்ஜினுக்கு இன்னும் எங்காவது தண்ணீர் பிடிக்கிறார்களா?

பதில்: நீலகிரி மலை ரயிலில் பார்க்கலாம். 12-க்கு 1 ஏற்றத்தில் பல்சக்கரத்தால் ஏறும் இன்ஜின், ஹில்குரோவ் போன்ற இடங்களில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் குன்னூர் போகும்.

கேள்வி: 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அதில் இந்த வேலைக்குப் பாடம் உண்டா?

பதில்: நிறைய உண்டு. ஜூலை 12 அன்று வந்த முதல் வண்டியில் 50 வேகன், வேகனுக்கு 50,000 லிட்டர், மொத்தம் 25 லட்சம். தண்ணீரும் இருந்தது, வண்டியும் இருந்தது. ஆனால் மேட்டுச்சக்கரகுப்பம் தொட்டியிலிருந்து தண்டவாளம் வரை மூன்றரை கிலோமீட்டருக்குப் பைப் போட்ட பிறகுதான் வண்டி கிளம்ப முடிந்தது.

கேள்வி (அடிக்கடி இரவு ரயிலில் போகும் பயணி): கோச்சில் தண்ணீர் தீர்ந்தால் யாரிடம் சொல்வது?

பதில்: 139-க்குக் கூப்பிடுங்கள், அல்லது ரயில்மதத் செயலியில் பதியுங்கள். வண்டி எண்ணோடு கோச் எண்ணையும் கட்டாயம் சொல்லுங்கள் அம்மா. வாலில் இருக்கும் அதே கோச்சிலிருந்து புகார் திரும்பத் திரும்ப வந்தால், எந்த நிலையத்து லைன் சரியில்லை என்று கண்டுபிடித்துவிடலாம்.