பெரிய லீவுக்கு எங்கே போகலாம்? டீச்சரக்காவிடம் கேட்டவை

டீச்சரக்கா கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் அங்கன்வாடி டீச்சர். லீவு விட்டால் சொந்தப் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு மலை, குளம், கடற்கரை என்று கிளம்பிவிடுவார். அம்மா அப்பாக்கள் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும்.

டீச்சர், சின்னவனுக்கு நாலு வயசு, பெரியவளுக்கு ஏழு. போன ஞாயிறு பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம் (ஆற்றுக்கு மேலே கால்வாய்த் தண்ணியைக் கொண்டுபோற பாலம்), திற்பரப்பு அருவி மூணையும் பார்த்துடலாம்னு போனோம். தொட்டிப்பாலத்தில் அழ ஆரம்பிச்சவன் வீட்டுக்கு வந்துதான் நிறுத்தினான். என்ன தப்பு பண்ணினோம்? (நாகர்கோவில்)

மூணு இடம் போனதுதான் தப்பு. அது வெளியூர்ச் சொந்தக்காரங்களுக்குச் சுற்றிக்காட்டுற ரூட். நாலு வயசுக்கு ஒரு நாளைக்கு ஒரு இடம், அதுவும் மத்தியானச் சோற்றுக்கு முன்னால் முடியணும். அரண்மனைன்னா அரண்மனை மட்டும். திங்கட்கிழமை பூட்டியிருக்கும், பார்த்துப் போங்க. செருப்பைக் கழற்றிட்டு அந்தக் கறுப்புத் தரையில் நடக்க விட்டாலே போதும், குனிஞ்சு முகம் பார்க்க ஆரம்பிச்சுடுவாங்க. கைடு சொல்ற வருஷக்கணக்கெல்லாம் அவங்களுக்கு எதுக்கு?

வெளியே வந்ததும் பக்கத்திலேயே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. உள்ளே மரநிழல் உண்டு, ஓட விடுங்க. டிலனாய் கல்லறை அங்கேதான் இருக்கு. 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைக்காரர், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா படைக்கே பயிற்சி கொடுத்தவர். சண்டை போட வந்த ஆளே நம்ம ஆளுங்களுக்கு வாத்தியார் ஆன கதையைப் பெரியவளுக்குச் சொல்லுங்க, கேள்வி மேல கேள்வி கேட்பா. 'இதுவும் ரெண்டு இடம்தானே'ன்னு கேட்காதீங்க. இடையில் வண்டியில் உட்காரும் நேரம்தான் பிள்ளையை அழ வைக்குது, இடம் இல்லை.

அப்போ தொட்டிப்பாலத்துக்கு மூணு வயசுப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போகவே கூடாதா?

போகலாம். ஆனா கையை விடக்கூடாது. கீழே பறளியாறு, நிற்கிற இடம் சுமார் 115 அடி உயரம். தோளில் தூக்கி வைத்து போட்டோ எடுக்கிற அப்பாக்களைப் பார்த்தா எனக்கு அடிவயிறு கலங்கும். படி இறங்கிக் கீழே போய், தூண்களை அண்ணாந்து பார்க்க வையுங்க. சின்னதுகளுக்கு அதுதான் பிடிக்கும்.

மதுரையிலிருந்து மே மாசம் மாமியார் வீட்டுக்கு வர்றோம். சொத்தவிளைக் கடற்கரையில் காற்றே இல்லாம கடல் அமைதியா இருந்தா, முட்டளவு தண்ணியில் பிள்ளைகளை நிற்க விடலாமா அக்கா?

காற்று இல்லைங்கிறதை வச்சுக் கடலை நம்பிடாதீங்க. கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

நம்ம கரைக்கு வர்ற அலை எல்லாம் நம்ம காற்று கிளப்பினது இல்லை. ரொம்பத் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிப்பக்கம் அடிச்ச புயல்காற்று கிளப்பிவிட்ட அலை நாள்கணக்கா ஓடி வந்து இங்கே கரையேறும். அப்போ நம்ம தலைக்கு மேல வானம் தெளிவா இருக்கும், ஓலைகூட அசையாது. கடற்கரைக்காரங்க இதைத்தான் கள்ளக்கடல்ம்பாங்க. 2024 மே மாசம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் அஞ்சு பேரை அலை கொண்டுபோனது நினைவிருக்கும். வளர்ந்த பிள்ளைகள் அவங்க.

ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் நிலையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடும். செய்தியில் கள்ளக்கடல்னோ கடல் சீற்றம்னோ வந்தா அன்னைக்குக் கரைப்பக்கமே வேண்டாம். எச்சரிக்கை இல்லாத நாளிலும் வலை காயப்போடுற அண்ணன்மார்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. ஈரமணல் சட்டுன்னு சரிஞ்சு இறங்குற இடத்தில் நிற்காதீங்க, அங்கே அலை திரும்பிப் போகும்போது காலுக்கடியில் மணலை உருவிடும். கணுக்கால் அளவு போதும், முட்டளவு வேண்டாம். பிள்ளைக்கும் கடலுக்கும் நடுவில் பெரியவர் ஒருத்தர், கடலைப் பார்த்தபடி. செல்போனைப் பார்த்தபடி இல்லை. முட்டத்துப் பாறைகளில் பாசி வழுக்கும், மேலே நின்னு பார்த்தாப் போதும்.

ஜூனில் மழைக்காலம் தொடங்கிட்டா கடலில் காலே வைக்க மாட்டேன். கடல் பார்த்தே ஆகணும்னா கடலோரத்து வட்டக்கோட்டை மதில்மேல் நின்னு பார்க்கலாம்.

ஒன்றரை வயசுக் குழந்தையைத் திற்பரப்பில் குளிக்க வைக்கலாமா?

அருவிக்கு நேர் கீழே வேண்டவே வேண்டாம். ஓரமா உட்கார்ந்து கப்பில் மொண்டு ஊற்றுங்க, அதுக்கே கைதட்டிச் சிரிக்கும். கோதையாற்றில் தண்ணி கூடினா குளிக்கத் தடை போட்டுடுவாங்க, கிளம்பும் முன் விசாரிச்சுக்கோங்க.

மூணு மாசக் குழந்தையை வெளியே கொண்டுபோகக் கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க, கண்பட்டுடுமாம்.

நான் மாமியார் கட்சி. கண்ணுக்காக இல்லை, சளிபிடிச்ச பத்துப் பேர் கூட்டத்தில் கொஞ்சிடுவாங்களேன்னு. சாயங்காலம் தெருமுனை வரை தூக்கிட்டு நடங்க, மாமியாரையும் கூட்டிக்கிட்டு.

எட்டு வயசுப் பையன். போனை வாங்கினா வீடே ரெண்டாகுது. அவனை எங்கே கூட்டிப் போறது? (கொட்டாரம்)

பக்கத்திலேயே தேரூர்க் குளம் இருக்கே! சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-ல் ராம்சர்ங்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. குளிர்மாதங்களில் வெளிநாட்டுப் பறவைகளும் வரும், விடியற்காலம் போகணும். 'பறவை பார்ப்போம் வா'ன்னு மொத்தமாச் சொன்னா வரமாட்டான். இலைக்கோழிங்கிற நீர்ப்பறவையை மட்டும் தேடச் சொல்லுங்க. உடம்பைவிட நீளமோன்னு தோணுற விரல்களை விரிச்சு வச்சு, தாமரை இலைமேலே நடக்கும். இலை லேசா அமுங்கும், விளிம்பில் தண்ணி ஏறும், அது முழுகுறதுக்குள்ள அடுத்த இலைக்குப் போயிருக்கும். என் மகன் அதைப் பார்த்துட்டு வரப்பில் அதே மாதிரி கால் தூக்கி வச்சு நடந்தான். பழைய பைனாகுலர் ஒண்ணு கிடைச்சா அவன் கையிலேயே கொடுத்துடுங்க. அவன் பார்த்து முடிக்கிற வரை நீங்க கேட்கக்கூடாது.

காளிகேசம் காட்டுப்பக்கம் போனோம். மகள் காலில் அட்டை. மாமா உப்பைப் போட்டார், ரத்தம் நிற்கவே இல்லை, பயந்துட்டோம்.

உப்பு, சுண்ணாம்பு, தீக்குச்சி எதுவும் வேண்டாம், அது வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கிடலாம். ஒல்லியா இருக்கிற வாய்ப்பக்கம் நகத்தைத் தோலோடு ஒட்டி வச்சுத் தள்ளுங்க, விட்டுடும். ரத்தம் உறையாம இருக்க அதன் எச்சிலில் ஒரு பொருள் உண்டு, அதனால் கொஞ்ச நேரம் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடிங்க. கண்ணிலோ மூக்குக்குள்ளோ போனா மட்டும் நீங்க எடுக்காதீங்க, ஆஸ்பத்திரி.

பேச்சிப்பாறை ரோட்டில் வளைவு வந்தாலே வாந்தி.

வயிறுமுட்டக் கொடுக்காதீங்க, பட்டினியும் போடாதீங்க. ரெண்டு இட்லி போதும். முன்கண்ணாடி வழியாத் தூரமாப் பார்க்க வையுங்க, போனைக் கொடுக்காதீங்க. ஒரு பிளாஸ்டிக் கவர் கைக்கெட்டுற இடத்தில்.

கையில் என்ன தின்பண்டம் எடுத்துப் போறது?

மட்டிப்பழம், நம்ம ஊர்ச் சின்ன வாழைப்பழம். ஒரு பழம் ஒரு பிள்ளைக்கு அளவா இருக்கும். அவிச்ச மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), கொஞ்சம் தேங்காய்த் துண்டு. சீசன்னா வழியில் நுங்கும் அக்கானியும் (பதநீர்) வாங்கிக்கலாம். அக்கானி காலையிலேயே குடிச்சுடணும், வெயில் ஏறினா புளிச்சுடும். சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் திரும்பி வர்ற வழிக்கு ஒளிச்சு வையுங்க, பசியும் தூக்கமும் சேர்ந்து வர்ற நேரத்துக்கு வேணும்.