ஆறு சதவீதத்தின் பிடி

வணக்கம்.

2023 செப்டம்பரில் கிளம்பி மூன்று மாதம் நியூசிலாந்தில் மகன் வீட்டில் இருந்தேன். ஹாமில்டன் ஊர். அக்டோபர் 14 அன்று அங்கே நாடாளுமன்றத் தேர்தல். மகனும் மருமகளும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள், பத்து நிமிடத்தில் ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். இன்னும் குடியுரிமைகூட வாங்கவில்லை. நிரந்தரமாக வசிக்க அனுமதி இருந்தால் போதும், ஓட்டு உண்டாம். அன்று இரவே முடிவு வந்துவிட்டது. ஆனால் அரசு பதவியேற்க நவம்பர் 27 ஆனது. ஆறு வாரம்! டிவியைப் போட்டாலே இந்தப் பேச்சுதான். கடைசியில் நூற்றுக்கு ஆறு ஓட்டு வாங்கிய வின்ஸ்டன் பீட்டர்ஸ் துணைப் பிரதமர்.

1999 ஏப்ரலில் ஒரே ஓட்டில் மத்திய அரசு கவிழ்ந்ததைப் பார்த்தவன் நான். கூட்டணி என்றாலே எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும். 38 சதவீதம் வாங்கிய கட்சியை 6 சதவீதம் வாங்கிய கட்சி ஆட்டி வைப்பது எப்படி ஜனநாயகம்? அவ்வளவு சின்ன நாட்டுக்கு ஒரு கட்சி ஆட்சி போதாதா? அந்த ஆறு வாரமும் நாட்டை ஆண்டது யார்?

ஆர்.எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள ஆர்.எஸ்.,

கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். அந்த ஆறு வாரமும் தேர்தலில் தோற்ற கிறிஸ் ஹிப்கின்ஸின் லேபர் (தொழிலாளர் கட்சி) அரசுதான் காபந்து அரசாக இருந்தது. பெரிய முடிவு எதையும் தானாக எடுக்கக் கூடாது. அடுத்து வருபவர் யார் என்று தெளிவாகிவிட்டால், அவர் சொல்வதைத் தனக்குப் பிடிக்காவிட்டாலும் செய்ய வேண்டும். இந்த மரபு ஒரு பெரிய அடி வாங்கியபின் உறுதியானது.

1984 ஜூலையில் தேர்தல். பிரதமர் ராபர்ட் மல்டூன் தோற்றுவிட்டார். நியூசிலாந்து டாலர் நெருக்கடியில் இருந்தது, மதிப்பைக் குறைக்கப் போகிறார்கள் என்று எல்லோரும் பணத்தை வெளியே கொண்டுபோனார்கள். மறுநாளே ரிசர்வ் வங்கி அந்நியச் செலாவணி வணிகத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. வென்ற டேவிட் லாங்கி நாணய மதிப்பை 20 சதவீதம் குறைக்கச் சொன்னார். மல்டூன் மாட்டேன் என்றார். அதுவும் டிவியில், நாடே பார்க்க. தோற்றவர் கையில் அதிகாரம் இருக்கிறது, ஜெயித்தவர் இன்னும் பதவியேற்கவில்லை. சொந்தக் கட்சிக்காரர்களே நெருக்கிய பிறகுதான் மல்டூன் இறங்கி வந்தார். அந்தச் சில நாள்களின் அதிர்ச்சியில்தான், இடைக்கால அரசு எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று தெளிவாக வரையறுத்தார்கள். 2023இல் நீங்கள் பார்த்த அமைதிக்கு விதை அங்கே விழுந்தது.

அப்புறம், அன்று இரவே முடிவு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் வரவில்லை. தன் தொகுதிக்கு வெளியே போட்டவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், கடைசி நேரத்தில் பெயர் பதிந்தவர்கள் போன்றோரின் ஓட்டுகளை அங்கே தனியாகச் சரிபார்த்துப் பிறகுதான் எண்ணினார்கள். 2023இல் அவை மொத்த ஓட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அன்றிரவு கணக்கில், நீங்கள் சொன்ன 38 சதவீதக் கட்சியான நேஷனலுக்கு 50, ஆக்ட் என்ற சின்னக் கட்சிக்கு 11. இரண்டும் சேர்ந்தால் 121இல் 61, பெரும்பான்மை. நவம்பர் 3 அன்று இறுதி எண்ணிக்கை வந்தபோது நேஷனல் 48 ஆகிவிட்டது, சபை 122 ஆகிவிட்டது. 59ஐ வைத்துக்கொண்டு ஆள முடியாது. பீட்டர்ஸின் நியூசிலாந்து ஃபர்ஸ்ட் வைத்திருந்த 8 தேவை என்பது அன்றுதான் உறுதியானது. ஆக உண்மையான பேரம் மூன்று வாரம்தான். மூன்று கட்சிகள் முழு ஆட்சிக்காலத்துக்கும் ஒப்பந்தம் எழுத அது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ஒரு கட்சி ஆட்சி போதாதா? அந்த நாட்டு மக்கள் பல பத்தாண்டுகள் அதைத்தான் வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று அவர்களே ஓட்டுப் போட்டு மாற்றினார்கள். யாரும் வெளியில் இருந்து திணிக்கவில்லை.

1978 தேர்தலில் நேஷனலைவிட லேபர் அதிக ஓட்டு வாங்கியது. ஆனால் நேஷனலுக்கு 51 இடம், லேபருக்கு 40. 1981இல் மறுபடியும் அதே கதை: லேபருக்குக் கூடுதல் ஓட்டு, நேஷனலுக்கு ஆட்சி. அதே தேர்தலில் சோஷியல் கிரெடிட் என்ற மூன்றாம் கட்சி நூற்றுக்கு இருபதுக்கும் மேல் ஓட்டு வாங்கி 92 இடத்தில் இரண்டே இரண்டு பெற்றது. ஐந்து பேரில் ஒருவர் ஒரு கட்சிக்கு ஓட்டுப் போட்டு, சபையில் இரண்டு நாற்காலி! ஆறு சதவீதத்துக்கு எட்டு இடம் கிடைத்தது உங்களுக்கு அநியாயமாகப் பட்டால், இதை என்னவென்று சொல்வீர்கள்?

ஆனால் இடக்கணக்கு மட்டுமே மக்களைக் கோபப்படுத்தியிருக்காது. அந்த நாட்டில் மேலவை கிடையாது, 1950லேயே சட்டம் போட்டு அதை எடுத்துவிட்டார்கள். ஒரே ஆவணமாக எழுதிய அரசியலமைப்பு கிடையாது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்ய முடியாது. மாநிலங்களும் இல்லை. ஆக, ஒரு கட்சி சபையில் பாதிக்கு மேல் பிடித்துவிட்டால் மூன்று வருடம் அதைக் கேட்பார் இல்லை. 1984இல் வந்த லேபர் அரசில் நிதியமைச்சர் ரோஜர் டக்ளஸ் விவசாய மானியங்களை எடுத்தார், புதிதாக ஜிஎஸ்டி வந்தது, அரசு நிறுவனங்கள் விற்பனைக்குப் போயின. தொழிலாளர் கட்சியை நம்பி ஓட்டுப் போட்டவர்கள் இதை எதிர்பார்க்கவே இல்லை. வெறுத்துப்போய் 1990இல் நேஷனலுக்குப் போட்டார்கள். ஓய்வூதியத்தின் மேல் இருந்த கூடுதல் வரியை எடுப்போம் என்று அந்தக் கட்சி வாக்குக் கொடுத்திருந்தது. 48 சதவீத ஓட்டில் 97க்கு 67 இடம் வாங்கி வந்தது. வரியை எடுக்கவில்லை. ரூத் ரிச்சர்ட்சன் நிதியமைச்சராகி, ஏழைகளின் உதவித்தொகையை வெட்டினார். இரண்டு பெரிய கட்சிகளும் அடுத்தடுத்து ஏமாற்றியதாக மக்கள் உணர்ந்தார்கள். அந்த வயிற்றெரிச்சல்தான் தேர்தல் முறையை மாற்றலாமா என்று கேட்ட 1993 வாக்கெடுப்பில் வெளிவந்தது. 54க்கு 46 என்ற கணக்கில் பழைய முறையைத் தூக்கிப்போட்டார்கள்.

அப்படி வந்ததுதான் இப்போதுள்ள எம்எம்பி என்ற கலப்பு விகிதாசாரத் தேர்தல் முறை. உங்கள் மகன் இரண்டு ஓட்டுப் போட்டிருப்பார், ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, ஒன்று கட்சிக்கு. கட்சி ஓட்டின் விகிதப்படியே சபையின் பலம் அமையும். 5 சதவீத ஓட்டு, இல்லையென்றால் ஒரு தொகுதி வெற்றி, இரண்டில் ஒன்று இருந்தால்தான் பங்கு. 1996இல் முதன்முதலாக இந்த முறையில் தேர்தல் நடந்தது. அன்று முதல் ஒரே ஒரு முறைதான், 2020இல், ஒரு கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்திருக்கிறது.

எனவே கூட்டணியை நான் இப்படித்தான் பார்க்கிறேன்: மேலவையோ நீதிமன்றமோ போட முடியாத பிரேக்கை அங்கே சின்னக் கட்சிகள் போடுகின்றன. மக்கள் தெரிந்தே பொருத்திய பிரேக் அது. 2023இல் வெளிநாட்டார் வீடு வாங்கத் தடையைத் தளர்த்தி, 20 லட்சம் டாலருக்கு மேற்பட்ட வீடுகளை அவர்களுக்கு விற்கவிட்டு வரி வாங்குவது நேஷனலின் திட்டம். பீட்டர்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை, திட்டம் போனது. ஓய்வூதிய வயதை 65இல் இருந்து 67 ஆக்குவதும் நேஷனலின் நெடுநாள் எண்ணம். அதுவும் நின்றது. பீட்டர்ஸின் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்களில் வயதானவர்கள் நிறையப் பேர். அவர்கள் அனுப்பிய ஆள் அவர்கள் வேலையைச் செய்தார், அவ்வளவுதான்.

ஆனால் பிரேக் போடுகிற கை சில சமயம் ஸ்டியரிங்கையும் பிடிக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். 2009 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்குச் சிகரெட்டே விற்கக் கூடாது என்று 2022இல் ஒரு சட்டம் போட்டார்கள். உலகம் முழுக்கப் பேசப்பட்ட சட்டம். புகைப்பழக்கத்தால் அதிகம் சாகிற, அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு அது உயிர்காக்கும் விஷயம். கூட்டணி ஒப்பந்தத்தில் அதை ரத்து செய்வதாக எழுதினார்கள், 2024 பிப்ரவரியில் அவசர அவசரமாக ரத்தும் செய்தார்கள். நேஷனல் அதைத் தேர்தலில் முன்வைத்துப் பிரசாரம் செய்யவில்லை. புகையிலை வரி வருமானம் பட்ஜெட்டுக்கு உதவும் என்று புதிய நிதியமைச்சரே பேசினார். படித்தபோது எனக்கு மனது ஆறவே இல்லை. இன்றும் ஆறவில்லை. கூட்டணிக்காக வாதாடும் யாரும் இந்தக் கணக்கை மறைக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் அதில்தான் இருக்கிறது. 8.6 சதவீதம் வாங்கிய ஆக்ட் கட்சி, 1840இல் பிரிட்டிஷ் முடியும் மாவோரித் தலைவர்களும் செய்துகொண்ட வைடாங்கி ஒப்பந்தத்தின் கோட்பாடுகளைப் புதிதாக வரையறுக்க ஒரு மசோதா கேட்டது. முதல் வாசிப்பு வரை மட்டும் ஆதரிக்கிறோம் என்று நேஷனல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. 2024 நவம்பரில் மசோதா வந்தது. இளம் மாவோரி உறுப்பினர் ஹானா ராஃபிட்டி மைப்பி கிளார்க் சபையிலேயே மசோதா நகலைக் கிழித்து, ஹாக்கா என்ற மாவோரி மரபு நடனத்தைத் தொடங்கினார். வடக்கு முனையில் இருந்து கிளம்பிய பேரணி ஒன்பது நாளில் வெலிங்டனை அடைந்தபோது நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தார்கள். மசோதா மீது மூன்று லட்சம் பேர் எழுத்தில் கருத்து அனுப்பினார்கள், மிகப் பெரும்பாலானோர் எதிர்ப்பு. மொத்த மக்கள்தொகையே ஐம்பத்து மூன்று லட்சம் அளவுதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

2025 ஏப்ரல் 10 அன்று இரண்டாம் வாசிப்பு. எதிராக 112, ஆதரவாக 11. அந்தப் பதினொன்றும் ஆக்ட் கட்சியின் பதினொன்றுதான். கூட்டணியில் இருந்த மற்ற இரண்டு கட்சிகளும் எதிர்த்தே போட்டன.

ஒரு சின்னக் கட்சி நாட்டையே மாதக்கணக்கில் ஒரு விவாதத்தில் நிறுத்த முடிந்தது, அதில் பலர் புண்பட்டார்கள், அது உண்மையான விலை. ஆனால் தன் விருப்பத்தைச் சட்டமாக்க அதனால் முடியவில்லை. 1991இல் உதவித்தொகையை வெட்டியபோது தடுக்க இப்படி யாரும் இல்லை.

1999 உங்கள் மனதில் தைத்த மாதிரி என் மனதிலும் தைத்தது. நானும் வெகுகாலம் அதை வைத்தே எல்லாக் கூட்டணியையும் எடைபோட்டேன். நியூசிலாந்தில் 1996க்குப் பின் எந்த அரசும் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றதில்லை என்று தெரிந்தபோதுதான் அதை நிறுத்தினேன். முறிவு அங்கேயும் நடந்திருக்கிறது. 1996இல் இதே பீட்டர்ஸ், லேபர் பக்கம் போவார் என்று நம்பி ஓட்டுப் போட்டவர்களை விட்டுவிட்டு நேஷனலோடு சேர்ந்தார். 1998இல் பிரதமர் ஜென்னி ஷிப்லி அவரைப் பதவி நீக்கினார், அவர் கட்சியில் ஒரு பகுதி அரசோடே தங்கிவிட்டது. கட்சித் தாவலைத் தடுக்கப் பிறகு ஒரு சட்டம் வந்தது, அதையும் காலாவதியாக விட்டு 2018இல் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

1999 தேர்தலில் வாக்காளர்கள் பீட்டர்ஸுக்குக் கணக்குத் தீர்த்தார்கள். அவர் கட்சி 5 சதவீதத்தைத் தொடவில்லை. டௌரங்கா தொகுதியில் அவர் 63 ஓட்டில் தப்பியதால்தான் கட்சியே சபையில் மிஞ்சியது. 2008இல் முழுவதும் வெளியே, 2020இல் மறுபடி வெளியே. ஆறு சதவீதத்தின் பிடி உங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது. அந்த ஆறில் ஒன்றரை குறைந்தால் அவர் கதி என்ன என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

2023 நவம்பர் 24 அன்று, பதவியேற்புக்கு மூன்று நாள் முன்பே, இரண்டு கூட்டணி ஒப்பந்தங்களையும் எல்லோரும் படிக்க வெளியிட்டார்கள். யார் எத்தனை மாதம் துணைப் பிரதமர் என்பதுவரை அதில் இருக்கிறது: 2025 மே 31 வரை பீட்டர்ஸ், பிறகு ஆக்ட் தலைவர் டேவிட் சீமோர். மகனிடம் சொல்லி அவற்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள், கடினமான ஆங்கிலம் இல்லை. படித்துவிட்டு, அதில் எந்த வரி உங்களை மறுபடியும் கோபப்படுத்துகிறது என்று எழுதுங்கள்.